பெரியப்பா நேர்ந்த என் முதுகு

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் குடும்பத்தில் திரும்பின பக்கமெல்லாம் டொக்டர்கள் முளைத்துவிட்டார்கள். தலைமை டொக்டர் பெரியப்பா. மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர். அக்காவுக்குப் பொருந்தியது என் எலும்பு மஜ்ஜை மட்டும்தான் என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே, அம்மன் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டார். வருகிற தேருக்குத் தம்பி மகன் முதுகில் கொக்கி குத்திப் பறவைக்காவடி எடுப்பானாம். வாய் அவருடையது, முதுகு என்னுடையது. என்ன தாராள மனசு!

தேர் முடிந்த மறுவாரம் மஜ்ஜை எடுப்பதாக இருந்தது. உடம்பில் சின்னப் புண்கூட இருக்கக்கூடாது, எனக்குக் கிருமி தொற்றினால் அக்காவுக்கு வேறு ஆள் இல்லை என்று டொக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

"டொக்டருக்கு சாமியப் பத்தி என்னடா தெரியும்? ஆத்தா காரியத்துல புண்ணே வராது" என்றார் பெரியப்பா, மாதக்கணக்கில் ஆறாத தன் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே.

நான் மாட்டேன் என்றேன். ஊசிக்குப் பயந்தவன் என்று சொந்தமெல்லாம் பட்டம் கட்டியது. அம்மா மட்டும், "அவளுக்கு ஏதும் ஆயிருச்சுன்னா..." என்று பாதியில் நிறுத்தினாள். அந்த மீதிப் பாதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. எனக்குச் சாமி பயமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

தேர் என் முதுகு இல்லாமலே ஓடி முடிந்தது. மறுவாரம் கொழும்பு ஆஸ்பத்திரியில் என்னை மயக்கிக் கவிழ்த்துப் போட்டு, இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சினார்கள். என் ரத்தம் ஒரு வகை, அக்காவுடையது வேறு வகை. அதனால் எடுத்ததை அப்படியே ஏற்ற முடியாது. இயந்திரத்தில் சுழற்றிச் சிவப்பணுக்களை நீக்கி, புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை மட்டும் பிரித்தெடுத்தார்கள். கடைசியில் ஒரு சின்னப் பைதான் அக்காவின் அறைக்குப் போனது.

"அம்புட்டு எடுத்துட்டு இம்புட்டுதானா? மிச்சத்த என்ன பண்ணானுங்க?" என்று வராந்தாவில் கொதித்தார் பெரியப்பா. வியாபாரிக்கு எடை குறைந்தால் பொறுக்குமா?

"மிளகு புடைக்கிறீங்கள்ல, அது மாதிரிதான் பெரியப்பா."

"அப்ப சரி. ஆனா கழிவு ஜாஸ்திடா."

அக்கா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனியாகக் கிடந்தாள். நாங்கள் யாரும் கிட்டப் போக முடியவில்லை. ஒருவழியாக என் செல்கள் அவள் எலும்புக்குள் வேர் பிடித்தன.

அடுத்த தேருக்கு அவள் வீட்டில் இருந்தாள். சாப்பாட்டுக்கு வந்த சொந்தங்களின் நடுவே பெரியப்பா ஆரம்பித்தார்: "அவ பொழச்சிட்டா, சரி. சாமிக்குச் சொன்ன சொல்லு அப்படியே நிக்குது."

அக்கா எழுந்து வந்து என் சட்டையைப் பின்னால் தூக்கினாள். பின்னிடுப்பில் ஊசி இறங்கிய இரண்டு வடுக்கள்.

"நீங்க நேர்ந்தபடி குத்தியாச்சு பெரியப்பா. பாத்துக்கங்க."

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, மிளகு பார்ப்பதைப் போல வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் கீழ தள்ளிக் குத்திட்டானுங்க" என்றார். "பரவால்ல, ஆத்தா ஏத்துக்குவா."

பிறகு சாமி படத்தின் முன்னிருந்த தட்டிலிருந்து விபூதி எடுத்து அந்த வடுக்களில் பூசினார்.