நித்திரை என்று நினைத்தது

ஸ்கந்தபுரத்து வீட்டில் அம்மா மீன் வெட்ட உட்கார்ந்தால், எங்கள் பூனை கத்துகிற கத்தலில் அயல் வீட்டுக்காரர்கூட வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். அன்று மீன் தலையை மூக்கருகில் வைத்தும் அது எழும்பவில்லை. குசினி மூலையில், அடுப்பு விறகுக்குப் பக்கத்தில், கால்களை மடித்துக்கொண்டு கிடந்தது. கூப்பிட்டதற்குக் காது மட்டும் அசைந்தது.

"வெயிலுக்கு அலுத்துப்போய்ப் படுத்திருக்கு. நித்திரை கொள்ளட்டும் அம்மா," என்றேன்.

அம்மா மீனைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நிலத்தில் உட்கார்ந்து, பூனையின் தலையிலிருந்து தொடங்கி உரோமத்தை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால். கழுத்தில். வயிற்றில். அவர் என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

கடைசிச் சண்டைக் காலத்தில் நாங்கள் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தோம். ஒருநாள் செல் ஒன்று விழுந்து வெடித்தது, தூரத்தில்தான். எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினோம். தம்பியும் எழும்பினான். கொஞ்ச நேரத்தில், "அம்மா, நித்திரை வருது," என்று அவர் மடியில் தலை வைத்தான். பல இரவுகள் கண் மூடாத பிள்ளை. உறங்குகிறானே என்ற நிம்மதியில், சத்தம் போடாமல் இருக்கும்படி அம்மா எங்களுக்குச் சைகை காட்டினார். அங்கிருந்து வெளிக்கிட வேண்டி வந்து, கூப்பிட்டும் எழும்பாத அவனைத் தூக்கியபோதுதான் பின்னந்தலை முடிக்குள் அவர் விரல் பட்டது. ஒரு நெல்மணி புகும் அளவு செல்துண்டுக் காயம். இரத்தம்கூட அதிகம் வந்திருக்கவில்லை. அவன் உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

வாலடியில் கை பட்டதும் பூனை உறுமியது.

"இஞ்ச கொதிக்குது. ஓட்டோவைக் கூப்பிடு," என்றார் அம்மா.

கிளிநொச்சியில் மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். காய்ச்சல் பார்த்துவிட்டு, அம்மா காட்டிய இடத்தில் உரோமத்தை மழித்தார். பல் பட்ட இரண்டு துளைகள். மேலே தோல் மூடியிருந்தது.

"வேற ஒரு கடுவன் பூனை கடிச்சிருக்கு. வெளியில ஆறின மாதிரித் தெரியும், உள்ளுக்குச் சீழ் வைச்சிடும். அந்தக் காய்ச்சல்லதான் சோர்ந்து போச்சுது. பூனை நோகுதெண்டு கத்தாது அம்மா, ஒரு மூலையில போய்ப் படுத்திடும். நல்ல காலம், கெதியாக் கொண்டு வந்திட்டீங்கள்."

"பிழைக்குமோ பிள்ளை?"

"ஓம் அம்மா, பயப்பிடாதேங்கோ."

சீழை எடுத்துக் கழுவி, ஊசி போட்டு, குளிசை தந்தார். திரும்பி வரும்போது அம்மா பூனை கிடந்த காட்போட் பெட்டியை மடியில் வைத்து, ஒரு கையை உள்ளே விட்டபடி இருந்தார். பாதி வழியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அவனுக்கும் நொந்திருக்குமோ? சொல்லத் தெரியாமத்தான் படுத்தவனோ?"

எங்கள் வீட்டில் தம்பியின் கதையை யாரும் எடுப்பதில்லை. முன்னால் இருந்த ஓட்டோக்காரர் மெதுவாக ரேடியோவை நிறுத்தினார்.

"இல்லையம்மா. அவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது," என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும்? அம்மா தலையசைத்தார். நம்பினாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பூனை தேறிவிட்டது. மழித்த இடத்தில் உரோமம் முளைத்து, பழையபடி வேலி பாய்ந்து சண்டைக்குப் போகிறது. ஆனால் பூனை என்றால் பகலில் பெரும்பாலும் தூங்கத்தானே செய்யும்? அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. போய் மெல்லத் தட்டுகிறார். அது கண்ணைத் திறந்து, எரிச்சலோடு கதிரையிலிருந்து குதித்து வேறிடம் போய்ப் படுக்கிறது. அவர் அடுப்படிக்குத் திரும்புகிறார். சற்று நேரத்தில் மறுபடியும் அதைத் தேடி வருகிறார்.