வயசு ஏறட்டும் என்று நின்ற கார்

தமிழ்நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் காரை இன்னொருவர் வாங்கினால் மறுபடியும் வரி கட்ட வேண்டியதில்லை. முதலில் வாங்கியவர் கட்டிய ஆயுள் வரி வண்டியோடேயே வந்துவிடும். பேர் மாற்றுவதற்கான கட்டணத்தைக் கட்டினால் முடிந்தது. வெளி மாநிலத்து வண்டி என்றால் அப்படியில்லை. அங்கே கட்டிய வரி அந்த மாநிலத்துக்கு. இங்கே கொண்டுவந்தால் இங்கேயும் கட்ட வேண்டும். அங்கே மிச்சமிருக்கும் காலத்துக்கு உண்டானதை எழுதிப் போட்டுத் திரும்பக் கேட்கலாம். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள என் கணவர் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு பிள்ளை தவழ்ந்து, எழுந்து, நடந்தே போயிருக்கும்.

நான் அப்போது ராயகிரியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ஒப்பந்த வேலைதான், ஆனால் எனக்குப் பிடித்த வேலை. சங்கரன்கோவிலில் இருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்ததில் இடுப்பு டிஸ்க் விலகிவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: பஸ் கூடாது, பைக் கூடாது, ஆட்டோவை நினைத்தே பார்க்கக் கூடாது. காரில் சாய்ந்து உட்கார்ந்து போனால் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். என் விடுப்பு ஆடியில் முடிகிறது. அன்றைக்குப் போய்ச் சேர்ந்து, தொடர்ந்து வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று ஆபீஸில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் கார். வேறு எந்தச் சொகுசுக்கும் இல்லை.

என் கணவர் விசைத்தறிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறவர். புனலூரில் இவரிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவர் தன் காரை விற்கப்போவதாகச் சொன்னார். கேரள நம்பர், நல்ல வண்டி, நியாயமான விலை. அந்த மனுஷன் தங்கமானவர். அங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்க வேண்டிய தடையில்லாச் சான்றையும் தானே அலைந்து வாங்கிக் கையில் கொடுத்தார். வைகாசியில் வண்டி வீட்டுக்கு வந்தது. சங்கரலிங்க சுவாமி கோவில் வாசலில் சூடம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு நிறுத்தினோம். மறுநாளே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் வரியைக் கட்டி நம்பர் மாற்றிவிடுங்கள் என்றேன்.

"போவும் போவும். விசாரிச்சிட்டுல்லா போவணும்" என்றார்.

இவர் விசாரிக்கிற இடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை. அங்கே ஒரு வண்டி புரோக்கர் உட்கார்ந்திருப்பார். டீ குடித்துவிட்டு வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, நல்ல வேளை ஒடனே போவல. வண்டிக்கு வயசு ஏற ஏற வரி கொறையுமாம்லா. ஆனி கடைசியில நம்ம வண்டிக்கு இன்னொரு வருசம் பூர்த்தியாவுது. அதுக்குப் பொறவு கெட்டினா நமக்கு லாபம்னு அண்ணாச்சி சொல்லுதாரு."

"அதுவரைக்கும் வண்டி?"

"நிக்கட்டும். ரோட்டுல ஓட்டுனாத்தானெ ரோட்டு வரி? நாம ஓட்டவே இல்லியே!"

வயசு ஏறினால் வரி குறையும் என்பது உண்மைதான். உண்மையில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதிப் பாதியைத் தானே சமைத்துக்கொள்வதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எனக்கும் விடுப்பு முடிய நாள் இருந்தது. சரி, தொலையட்டும் என்று விட்டேன்.

வண்டியை வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் நிறுத்தினார். குடோனில் கிடந்த கழிவுச் சேலைகளை ஒன்றோடொன்று தைத்து மேலே போர்த்தினார். சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக ஏதோ கல்யாணப் பெண் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போர்வையை விலக்கி, என்ஜினை ஓடவிட்டு, முன்னால் ஒரு முழம் பின்னால் ஒரு முழம் நகர்த்துவார். நான் படுத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எரிச்சலாக வரும். தெருவில் போகிறவர்கள் கேட்டால், "வயசு ஏறட்டும்னு வச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லுவார்.

ஆனி முடிந்தது. வண்டிக்கு வயசும் ஏறியது. கிளம்புங்கள் என்றேன்.

"இப்பமா? ஆடி பொறந்துட்டுல்லா!"

"பொறந்தா?"

"ஆடியில எவனாவது பேர் மாத்துவானா? வண்டி வாங்கப்படாதுட்டி."

"வண்டிய வைகாசியிலயே வாங்கியாச்சு. எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. மாலை காஞ்சு குப்பைக்கும் போயாச்சு. இன்னும் என்னத்த வாங்கப் போறீய?"

"அது வண்டிக்கு. இது பேருக்கு."

தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய? ஊரே ஆடித்தபசுக்குக் கொடியேறி அமர்க்களப்படுகிறது. கோமதி அம்மனே ஆடியில்தான் தபசு இருந்து சுவாமியைக் காண்கிறாள். எங்கள் வீட்டுக் காருக்கு மட்டும் ஆடி ஆகாதாம். அவருக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, வீட்டில் சாஸ்திரம் சொல்ல வேறு பெரியவர்களும் இல்லை. இந்த மனுஷனே தனக்குத்தானே சாஸ்திரம் சொல்லிக்கொண்டார்.

"எனக்கு லீவு முடியுதுங்க. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போயாவணும்."

"ஆவணி பொறந்ததும் மொத முகூர்த்தத்துல மாத்திருவோம். கொஞ்ச நாளைக்கு மட்டும் பஸ்ஸில போ. சன்னல் ஓரமா உக்காந்துக்கோ."

"கேரள நம்பரோட கூட்டிட்டுப் போய் விடுங்களேன். என்ன கெட்டுப் போவும்?"

"ரோட்டுல எறக்கிட்டோம்னா அன்னையில இருந்து வரி கணக்கு தொடங்கிரும்லா! இவ்வளவு நாளு காத்திருந்தது எல்லாம் பாழாப் போவும்."

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் சொல்லத்தான் வேண்டும். எனக்குத் தைலம் தேய்த்துவிட்டார், வெந்நீர் வைத்தார், சட்டி பானை எதையும் தூக்கவிடவில்லை. லாபம் என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் மனுஷனுக்கு மற்றது எதுவும் கேட்காது. அப்போது கோபத்தில் எனக்குக் கண் கலங்கியது. அழுதால் இடுப்பு வலி என்று நினைத்துக்கொள்வார் என்பதற்காக அழவில்லை.

பஸ்ஸில் போனேன். சன்னல் ஓரமாம், சன்னல் ஓரம்! தபசுக் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தபசுக்கு முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து கூட்டத்துக்குள் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது இடது கால் எனக்குச் சொந்தமானதாகவே தெரியவில்லை. மரத்துப் போயிருந்தது. அடுத்த வாரம் ஒருநாள் லேபில் ரத்த சாம்பிளை எடுத்து வைத்துவிட்டு ஸ்டூலில் இருந்து எழப் பார்த்தேன், முடியவில்லை. ஆம்புலன்ஸில்தான் வீட்டுக்கு வந்தேன். மறுபடியும் படுக்கை.

அப்போதுகூட அவர் ஆவணி பிறக்கும்வரை காத்திருந்தார். இவ்வளவு ஆனபிறகு அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று சேலைப் போர்வையை எடுத்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனார். அங்கே வண்டியைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்பதால் வண்டியிலேயே போனார். அங்கே நடந்ததை அவரே வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். மறைக்கத் தெரியாத மனுஷன், அந்த ஒரு குணம் உண்டு.

கவுண்டரில் இருந்த அம்மா காகிதங்களைப் பார்த்துவிட்டு, "வண்டி எப்ப வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வைகாசியிலயே வந்துட்டு மேடம். ஆனா ரோட்டுல ஒருநாள்கூட எறக்கல, ஷெட்டுலதான் நின்னுச்சு. வேணும்னா தெருவுல கேட்டுப் பாருங்க" என்றிருக்கிறார்.

"ஓடுதோ நிக்குதோ, தமிழ்நாட்டுக்குள்ள வந்த நாள்ல இருந்து வரி உண்டு சார். வண்டி வயசும் வந்த அன்னைக்கு என்னவோ அதுதான் கணக்கு. இவ்வளவு நாள் கட்டாததுக்கு அபராதமும் சேரும்."

வயசு ஏறட்டும் என்று நிறுத்தியதில் ஒரு பைசா குறையவில்லை. கூடத்தான் செய்தது.

"அன்னைக்கே போயிருக்கணும்ட்டி" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மாதக்கணக்காக நான் சேர்த்துவைத்திருந்த வசவு அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை எல்லாம் கொட்டினேன். டீக்கடையைத் திட்டினேன், புரோக்கரைத் திட்டினேன், ஆடியைத் திட்டினேன். கடைசியில், "நீங்க வரியை மிச்சம் பிடிச்சீய, என்னைய மிச்சம் வச்சீயளா?" என்று கேட்டேன். அவர் வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

தமிழ்நாட்டு நம்பர் வந்தது. அந்த நம்பரோடு வண்டி முதன்முதலாக ஓடியது ராயகிரிக்குத்தான். வேலைக்கு அல்ல. என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால், அலமாரியில் கிடந்த என் சாமான்களை எடுத்துக்கொள்ளும்படி போன் செய்திருந்தார்கள்.

மைக்ராஸ்கோப் முன்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து, "உக்காருங்கக்கா" என்று ஸ்டூலை நகர்த்தினாள். வேண்டாம்மா என்றேன். வெள்ளைக் கோட்டு, டம்ளர், குடை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

வேப்பமரத்தடியில் மாத்திரை வாங்க வந்த ஒருவர் எங்கள் காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேரள வண்டி ஒன்று வாங்குகிற யோசனை போலிருக்கிறது. என் கணவர் கதவில் சாய்ந்துகொண்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டி வந்த மறுநாளே வரியைக் கெட்டிருங்க அண்ணாச்சி. ஆடி, அமாவாசைன்னு ஒண்ணும் பாக்காதீய. நின்ன வண்டிக்கும் வரி உண்டு. எங்கிட்ட கேளுங்க, நான் சொல்லுதேன்."

என்னைக் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு முன் கதவைத் திறந்து பிடித்தார். சாய்ந்து உட்கார்ந்து போவதற்காக வாங்கிய வண்டி. நான் பின் கதவைத் திறந்து சீட்டில் நீளப் படுத்துக்கொண்டேன். என்னால் உட்கார முடியவில்லை.