அய்யனார் எல்லையில் ஒரு சைக்கிள் பந்தயம்

தொண்ணூறுகளின் கடைசியில், கடலாடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. அப்போது நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. பக்கத்து ஊருடன் சைக்கிள் பந்தயம். அணிக்கு நான்கு பேர்; யாராவது ஒருவர் முதலில் வந்தால் அணிக்கே வெற்றி.
2. எங்கள் அணிக்கு யோசனை சொன்னது நான்.
3. நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது.
4. அதனால்தான் நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

பங்குனிப் பொங்கலுக்கு வருடாவருடம் நடக்கும் பந்தயம். தோற்ற அணி அன்று மாலைப் பந்தியில் ஜெயித்த அணிக்குப் பரிமாற வேண்டும். சாப்பிட்ட இலையையும் எடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வருடம் இலை எடுத்தவர் என் அண்ணன். இந்த முறையும் குனிய நேர்ந்தால் ஊரைவிட்டே போய்த் திருப்பூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

பாதை போடுவது ஒரு வருடம் அவர்கள், ஒரு வருடம் நாங்கள். அந்த வருடம் அவர்கள் முறை. முதல் நாளே பஸ்ஸில் போய்ப் பாதையைப் பார்த்து வந்தேன். உப்பளத்தை ஒட்டிய நேர்ச்சாலையில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். தனியாக மிதிப்பவர் அங்கேயே களைத்துவிடுவார். ஆகவே மூன்று பேர் மாறி மாறி முன்னால் போய்க் காற்றைத் தாங்க வேண்டும். அண்ணன் அந்த மூவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்து, கடைசியில் பாய வேண்டும். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

"ஏ புள்ள, ஒரு சாணா? பிரேக் கட்டையே இல்லாத வண்டி இது," என்றார் அண்ணன்.

"யாருண்ணே நடுவழியில நிக்கப் போறா?" என்றேன்.

சித்தப்பாவின் மொபெட்டில் உட்கார்ந்து நானும் கூடவே போனேன். உப்பளச் சாலையில் எங்கள் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோலப் போனார்கள். எதிரணி ஆளாளுக்குக் காற்றோடு மல்லுக்கட்டிப் பின்தங்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த திருப்பத்தில் எங்கள் எல்லை அய்யனார் கோயில் வந்தது. எங்கள் ஊர்க்காரர் யாரும் அவருக்கு முன்னால் சைக்கிளில் உட்கார்ந்து போக மாட்டார்கள். முதல் எல்லைக்கல்லில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், அடுத்த கல்லைத் தாண்டித்தான் ஏறுவார்கள். பஸ்ஸுக்கு மட்டும் விலக்கு. நான் பாதை பார்த்ததோ பஸ்ஸில்!

முன்னால் போனவர் யோசிக்கவே இல்லை. கால் தானாகத் தரையில் இறங்கியது. ஒரு சாண் பின்னால் வந்த மூவரும் வரிசையாக அவர்மேல் ஏறினார்கள். புழுதி அடங்குவதற்குள் எதிரணி சிரித்தபடி தாண்டியது.

"சாமிக்கு நல்லா எறங்குங்க மாப்ளே! நாங்க போயி எலையப் போடச் சொல்றோம்!" என்று கத்தினார் அவர்கள் தலைவர். அவர்கள் ஏன் இந்த வழியாகப் பாதை போட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கத்தியவருடைய சைக்கிள், அய்யனாரின் மண்குதிரைக்கு நேராகப் போனதும் டக்கென்று நின்றது. மற்ற மூவரும் நின்றார்கள்.

"ஏலே, செயினு கழண்டுருச்சு."

"கழண்டுச்சா? அவரு கழட்டிட்டாருலே! எறங்குங்கடா!"

நால்வரும் வண்டியை உருட்டிக்கொண்டு முதல் கல்லுக்கே திரும்பி வந்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அங்கிருந்து நடக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் அண்ணன் முழங்கையில் ரத்தத்தோடும் கோணிய ஹேண்டில்பாரோடும் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேகமாக நடப்பதில் எங்கள் ஊரை யாரும் ஜெயிக்க முடியாது. எல்லாம் சின்ன வயதுப் பழக்கம். இரண்டாவது கல்லில் அவர் ஏறி மிதித்தபோது, எதிரணி இன்னும் குதிரையைக்கூடத் தாண்டவில்லை.

"பள்ளத்துல விழுந்து கழண்ட லூசுச் செயின், அவ்வளவுதாண்ணே," என்றேன், முதலாவதாக வந்து இறங்கிய அண்ணனிடம். "வாய மூடு," என்றார்.

மாலைப் பந்தியில் எதிரணித் தலைவர் கறிவாளியோடு வந்து குனிந்தார். "வைங்க மாப்ளே," என்றார் அண்ணன். "ஒரு சாண் தள்ளி நின்னு வைங்க."

இப்போது மதுரையில் சாலைகளுக்கு வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். எந்தச் சாலையையும் பஸ்ஸில் ஒரு முறை, சைக்கிளில் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். வண்டிகள் எங்கே வேகமெடுக்கும் என்பதோடு, மனிதர்கள் எங்கே இறங்குவார்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறேன். அண்ணன் திருப்பூர் போகவில்லை. அந்தச் சைக்கிளுக்கு இன்னும் பிரேக் கட்டை போடவில்லை.