நகராத எட்டாயிரம்

சுலோசனாவுக்குப் பொய் கேட்டுப் பழக்கம்தான். ஆனால் ஒரே பொய்யைப் பதினாறு வருஷம் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

உழவர்கரையில் வாடகை வீட்டில் இருக்கும் அவள், புதுச்சேரியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்தக் கணக்கெடுப்பாளர். தவளக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே அதே அறுபத்தொரு வீடுகளுக்குப் போய், மாதம் என்ன வருமானம் என்று கேட்டு எழுத வேண்டும். வீடுகளைச் சிறிய தொகையிலிருந்து பெரிய தொகைவரை வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவில் நிற்கிற வீட்டின் வருமானம்தான் மீடியன். அது காலப்போக்கில் எப்படி நகர்கிறது என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. நகர்ந்தால்தானே!

முதல் தடவை எட்டாயிரம். அடுத்த மூன்று தடவையும் எட்டாயிரம். கூரை வீடுகள் மாடி வீடுகளாயின, வாசலில் கார் நின்றது, பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போனார்கள். வருமானம் மட்டும் அசையவே இல்லை. கூடச் சொன்னால் ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் அட்டையை மஞ்சளாக்கி, சலுகைகளைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். இதற்கும் ரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிச் சொல்லி, அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

ஐந்தாவது கணக்கெடுப்புக்குக் கிளம்பும்போது புது மேலாளர் வினோத்குமார் பழைய படிவங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. இதெல்லாம் நேர்ல போயி எழுதுனதா, வீட்லயே ஒக்காந்து ஃபில் பண்ணதா?"

பதினாறு வருஷ வெயிலுக்கு இதுதான் மரியாதை. இந்த முறை கணக்கு சரியாக வராவிட்டால் ஒப்பந்தம் நீளாது என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் மகள் பூர்ணிமாவின் நர்சிங் ஃபீஸ் ஓடிக்கொண்டிருந்தது.

கிராமத்தில் முதல் வீடு ஆதிமூலத்தினுடையது. கோயில் கமிட்டித் தலைவர், மகன் சிங்கப்பூரில், மாடியில் இரண்டு குடித்தனம்.

"எட்டாயிரம் போட்டுக்கம்மா" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சுலோசனாவுக்குத் தாங்கவில்லை. "அண்ணே, ஒங்க மாடி வாடகையே அதுக்கு மேல வருது. இப்படியே சொல்லிச் சொல்லி என் வேலைக்கு ஒல வச்சிட்டீங்க. நான் பொய்க் கணக்கு எழுதுறேன்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

ஆதிமூலம் பேப்பரை மடித்து வைத்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நாளைக்கி வா. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அவர் சொன்னது இருபத்தைந்தாயிரம். பக்கத்து வீட்டிலும் இருபத்தைந்தாயிரம். எதிர் வீட்டிலும் அதேதான். ஆறாவது வீட்டில் விஷயம் வெளியே வந்தது. திருவிழா வரியை எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையாகக் கமிட்டி தீர்மானிப்பது அந்த ஊர் வழக்கம். அதே மாதிரி வருமானத்தையும் தீர்மானித்து, வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். மோர் கொண்டுவந்து கொடுத்த ஒருத்தி, "பத்தலன்னா முப்பது போட்டுக்கோக்கா, எங்களுக்கின்னா" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று சுலோசனாவுக்குத் தெரியவில்லை. நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? இந்த நல்ல மனசைக் கட்டிக்கொண்டு மாரடிக்கவா முடியும்?

கடைசி வீடு நிர்மலாதேவியினுடையது. புருஷன் போய் ஒன்பது வருஷமாகிறது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

"இருபத்தஞ்சுன்னு சொல்லச் சொன்னாங்கக்கா" என்றாள்.

"சொல்லு, எழுதிட்டுப் போறேன்."

நிர்மலாதேவி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "அவ்ளோ பெரிய பொய்யி வாயில வர்லக்கா. நெசமா நாலாயிரத்து எரநூறுதான் வருது. மழ மாசத்துல அதுவும் இல்ல."

"போன தடவ எட்டாயிரம்னியே?"

"ஊரே எட்டாயிரம் சொல்லுது. நாம மட்டும் கொறச்சி சொன்னா மானம் போவாதா?"

சுலோசனாவுக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. ஊர் குறைத்துச் சொன்ன தொகைக்கு ஏறிவர, இவள் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். அந்த எட்டாயிரத்தையும் வாங்கி எழுதிக்கொண்டு, கிளம்பினால் போதுமென்று பஸ் ஏறியது தான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. மீடியனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இவள் நாலாயிரம் சொன்னாலும் எட்டாயிரம் சொன்னாலும் நடுவில் நிற்கும் வீடு அசையாது.

நாலாயிரத்து இருநூறு என்று எழுதினாள். மற்ற அறுபது படிவங்களிலும் இருபத்தைந்தாயிரத்தை அடித்துவிட்டு, 'நம்பத்தக்க பதில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை வினோத்குமார் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரே ஒரு ஃபார்ம வச்சிக்கிட்டு நான் இன்னா மேடம் பண்றது?"

"மீடியன் போட முடியாது சார்" என்றாள் சுலோசனா. "அந்த வீட்டுக்கு இன்னா பண்ணலாம்னு பாருங்க."

அந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது.