நூல்காரர் நேராக்கிய கோடு

பட்டறையில் அவருக்கு நூல்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. காரின் பக்கவாட்டில் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஓடும் மெல்லிய கோடு இருக்கிறதே, அதை டேப் ஒட்டாமல், அளவுகோல் வைக்காமல், வெறும் தூரிகையால் நூல் பிடித்ததுபோல் இழுப்பார். இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரம் பார்த்து யாராவது தும்மித் தொலைத்தால் அன்று முழுக்க அவர்களுக்கு அர்ச்சனைதான்.

முப்பத்தோரு வருடமாக இதே வேலை, இதே பட்டறை. பட்டறை அவருடைய மச்சினனுடையது. கோணலைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சரிந்து தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். பெயிண்ட் விஷயத்தில் இன்னும் மோசம். பழைய பெயிண்ட்டின் மேலேயே புதுசைப் பூசுகிறவனை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "மூஞ்சி கழுவாம பவுடர் அப்பறவன்" என்பார். உப்புத்தாளை எடுத்து, தகரம் கண்ணில் படும்வரை தேய்த்து, அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறப்பார்.

அந்தப் பட்டறைக்குத்தான் டீச்சரின் கார் வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கார் அவருடைய அப்பா விட்டுப்போனது. கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரும் வண்டி. அச்சில் அழுத்தி எடுத்த உடம்பு அல்ல. யாரோ நாலு பேர் தகரத்தை மரக்கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தது. இந்தப் பக்க மட்கார்டுக்கும் அந்தப் பக்க மட்கார்டுக்கும் அரை விரல் வித்தியாசம் இருக்கும். ஆனாலும் வெளிச்சம் அதன் முன்பக்கத்தில் விழுந்து, மட்கார்டில் வழுக்கி, கதவில் இறங்குவதைப் பார்த்தால் வாயாடிகூடப் பேச்சை நிறுத்திவிடுவான்.

டீச்சரின் அண்ணன் மகன்களுக்கு வண்டியைத் தள்ளிவிட்டால் போதும். கேட்டு வந்த ஆளுக்கோ எஞ்சின் மட்டும்தான் வேண்டும், உடம்பு நேராகக் காயலான் கடைக்கு. அதைத் தடுக்க டீச்சருக்கு இருந்த ஒரே வழி மியூசியம். எல்லாம் பழையபடியே இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து ஓர் அம்மா வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, பத்து நாளில் முடிவு சொல்ல வருவதாகச் சொல்லிப் போனார். அன்று நூல்காரர் பட்டறையில் இல்லை. மனைவிக்குக் கண் ஆபரேஷன். மச்சினன் உதிரிப் பாகம் வாங்க வெளியூர் கிளம்புகிற அவசரத்தில் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, மியூசியத்துக்காரங்க திரும்ப வராங்க. டீச்சர் வண்டிய நல்லா துடைச்சு வச்சிடுங்க."

துடைக்கும்போதுதான் கோடு கண்ணில் பட்டது. கதவின் கைப்பிடிக்குக் கீழே ஓர் அரிசி அளவுக்குப் புடைத்து, லேசாகத் தாழ்ந்து, பிறகு சுதாரித்துக்கொண்டு போயிருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்குப் பல் கூசியது. பெரிய மனுஷர்கள் வரும்போது டீச்சரின் வண்டி இப்படியா நிற்பது? நல்லது செய்வதாகத்தான் நினைத்தார், சத்தியமாக. ஒரு பக்கம் மட்டும் நேராக்கினால் மறுபக்கம் கோபித்துக்கொள்ளும் என்று இரண்டு பக்கமும் செய்தார். நான்கு நாள் பிடித்தது. முடித்தபின் தள்ளி நின்று பார்த்தார். தன் வாழ்நாளில் இழுத்த கோடுகளிலேயே இதுதான் உசத்தி என்று தோன்றியது.

முடிவு சொல்லும் நாளுக்கு முந்தைய நாள் காலையில் டீச்சர் வந்தார். வண்டிமேல் துணி போர்த்தியிருந்தது. நூல்காரர் மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு துணியின் நுனியைப் பிடித்தார்.

"இருங்க, முதல்ல இதக் கேளுங்க" என்றார் டீச்சர். "அந்த அம்மா எதப் பாத்து அசந்து போனாங்க தெரியுமா? கதவுல கோடு ஒரு இடத்துல புடைச்சிருக்கும் பாருங்க. வரைஞ்சவரு அங்க நிறுத்தி, தூரிகைய மறுபடி பெயிண்ட்ல தொட்டிருக்காராம். பேரு தெரியாத ஒரு மனுஷன் எழுபது வருஷத்துக்கு முன்னாடி அங்க நின்னு மூச்சு விட்டிருக்கான்னு சொன்னாங்க. இந்த மாதிரி வண்டி சிலை மாதிரியாம். செஞ்ச கை தெரியணுமாம். அதுமேல இன்னொரு கை படாம இருக்கறதுதான் அதிசயமாம்."

நூல்காரர் துணியை விட்டுவிட்டார். "தூசி படியும் டீச்சர். நாளைக்கே திறந்துக்கலாம்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

டீச்சர் போனதும் தகரத் துண்டுகளைப் பொறுக்கி வந்து அந்தப் புடைப்பை வரைய ஆரம்பித்தார். முதலில் குண்டாக வந்தது. அழித்தார். அடுத்தது ஒட்டவைத்த மச்சம் மாதிரி வந்தது. முப்பத்தோரு வருடமாக எதைத் தன் கையிலிருந்து விரட்டினாரோ அதை இப்போது வா வா என்று கெஞ்சினார், வரவில்லை. வேண்டுமென்றே மூச்சு விட்டுப் பார்த்தார், கையை ஆட்டிப் பார்த்தார். நாற்பது தகரத்திலும் பொய் பொய்யாகவே தெரிந்தது. இவ்வளவு கெட்டிக்காரக் கை இருந்து என்ன பிரயோஜனம் என்று அதைத் தொடையில் அடித்துக்கொண்டார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி, கறுப்புக் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தாள். எல்லாவற்றையும் கொட்டினார்.

"பேசாம இருங்க. முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க."

"படம் எடுத்து வச்சிருக்காங்கடி."

அவள் தூக்கை மூடி வைத்தாள். இருவருமே சாப்பிடவில்லை.

மறுநாள் மியூசியத்து அம்மா வந்தார், கையில் அந்தப் படம். டீச்சர் விசேஷத்துக்கு வருவதுபோல் புதுப் புடவையில் வந்திருந்தார். அதைப் பார்த்த நூல்காரர் துணியை எடுக்கும் முன்பே, "அம்மா, கோட்ட நான் நேராக்கிட்டேன்" என்றார். "தெரியாம பண்ணிட்டேன். டீச்சர் மேல எந்தத் தப்பும் இல்ல."

அந்த அம்மா துணியை விலக்கி, கதவருகே குனிந்து, படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, ஏதோ வழி தெரிந்த அவசரம்.

"பதறாதீங்க. பழைய கோட்டு மேலேயே பூசினீங்கன்னா ஒண்ணும் குடி முழுகிடல. எவ்வளவு நாளானாலும் மேல இருக்கறத மட்டும் பதமா எடுத்துடலாம். அடியில அது அப்படியே இருக்கும். நிறைய பேரு அப்படித்தானே பூசறாங்க?"

டீச்சர் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நூல்காரரின் வாயையே பார்த்தார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

"தேய்ச்சுட்டேம்மா" என்றார் நூல்காரர். "தகரம் தெரியற வரைக்கும் தேய்ச்சுட்டுத்தான் பூசினேன்."

அந்த அம்மா படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டீச்சர் கதவில் கைப்பிடிக்குக் கீழே அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"ஒரே ஒரு நாளு," என்றார் அவர், "ஒரே ஒரு நாளாவது அரைகுறையா வேலை செஞ்சிருக்கக் கூடாதாங்க?"