டப்பாவில் போன விதைநெல்

ஒரத்தநாடு பக்கம் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் என் மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். தொட்டுப் பார்த்துப் படிக்கும் பாடத்துக்காக வீட்டிலிருந்து ஏதாவது தானியம் கேட்டிருந்தார்கள். கூடத்து மூட்டையில் நெல் இளஞ்சிவப்பாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று ஒரு டப்பாவில் அள்ளிக் கொடுத்தேன்.

பத்து மணிக்குக் கணவர் கத்தினார்: "விதைநெல்ல யாரு அள்ளுனது? பூச்சி, பூஞ்சைக்கு விஷ மருந்து கலந்ததுடி அது, அதான் அந்தச் செவப்பு!"

பள்ளியில் யாரும் போனை எடுக்கவில்லை. வண்டியில் பறந்தோம்.

வகுப்பில் பிள்ளைகள் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் டப்பா மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாய்ந்து பிடுங்கினேன்.

"நல்லவேளை, இன்னும் ஆரம்பிக்கலைங்க," என்றார் ஆசிரியை.

இப்போது விதைநெல்லைப் பூட்டி வைக்கிறோம். பள்ளிக்குச் சமையலறைப் பொருள் மட்டுமே போகிறது. ஆனாலும் அவள் வீடு திரும்பியதும் முதலில் அவள் கைகளை முகர்ந்து பார்க்கிறேன்.