கிழங்கு வாசம்

அன்றைக்கு வீட்டில் இருந்தது ஆத்தா, அக்கா, நான். அய்யா கல்லல் சந்தைக்கு மாடு பிடிக்கப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என் புளுகைக் கேட்டமாத்திரத்தில் பிடித்திருப்பார். எனக்கு அப்போது ஆறு வயது.

பன்னிரண்டு வயது அக்கா முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. "கிழங்கு அவிக்கிற வாசம் வருது" என்றாள். அடுப்பே மூட்டவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பக்கத்தில் எங்கேயோ நல்லபாம்பு கொட்டாவி விட்டிருக்கிறது.

அக்காவுக்குப் பயமில்லை. வேலிக்கு அப்பால் யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பவள் போலிருந்தாள். "இதே மாதிரி முன்னாடி ஒருநா உக்காந்திருந்தோம்ல?" என்றாள். வெயில்கூட அவளுக்காகக் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு கேட்டாள்: "உனக்கு வாசம் வருதாடா? எனக்கு மட்டுந்தான் வருதோ?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அவள் போகிற இடத்துக்கெல்லாம் நானும் போயாகவேண்டும். "எனக்கும் வருதுக்கா" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் எங்கோ போய்விட்டது. உதடுகள் சப்புக்கொட்டின. விரல்கள் பாவாடையைச் சுருட்டிச் சுருட்டி விட்டன. அப்புறம் கடலைத் தோலின்மேல் விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. ஆத்தா சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துக்கொண்டே, பிள்ளைக்குப் பாம்பு வாசம் அடித்துவிட்டது என்று அலறினாள்.

அடுத்த வீட்டிலிருந்து ஆத்தாவின் தம்பி கடப்பாரையோடு ஓடிவந்தார். "பாம்பு மூச்சுப் பட்டிருக்கு. உனக்குமாடா வாசம் வந்துச்சு?"

"ஆமா மாமா. அங்குட்டு, வேலிப் பக்கம்."

பாம்பைத் தேடியதில் வேலி போயிற்று. அடுத்த முறை அவள் விழுந்தபோது வைக்கோல் போர். அதற்கும் அடுத்தது மாட்டுக்கொட்டில் சுவர். அகப்பட்டது ஓர் ஓணான். "குடியிருக்க ஒரு சுவராவது விட்டு வைங்க மாப்ளே" என்றார் அய்யா. ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காததால் அவரும் நம்பித்தான் இருந்தார். இரண்டு பிள்ளைகளுக்கு வந்த வாசம் பொய்யாகுமா?

இரண்டு வருஷம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர்தான் முதன்முதலாகக் கேட்டார்: "வாசம் விழுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. எப்பவும் அதே வாசம்" என்றாள் அக்கா.

அவர் அக்காவின் காதுக்கு மேலே விரலை வைத்தார். "மூளையில வாசம் அறியிற இடம் இதுக்கு உள்ளேதாம்மா இருக்கு. நினைப்பு தங்குற இடமும் பக்கத்துலதான். வலிப்பு அங்க கிளம்புது. அதான் முதல்ல வாசம். மூளை பூராப் பரவினதும் விழுந்துடுறே."

"அப்ப பாம்பு இல்லேங்கிறீகளா?" என்றாள் ஆத்தா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அந்த வாசம் வேற யாருக்குமே வராதா?" என்றாள் அக்கா.

"வராது."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாத்திரை, விழுவது அநேகமாக நின்றது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் மூளையின் படத்தில் அந்த இடத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். எழுத்தே தெரியாத அக்கா, டாக்டருக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, எனக்கு மட்டுந்தான் வருதோ என்று சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். நானோ அவளுக்குத் துணை போவதாக நினைத்துக்கொண்டு பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்கு ஆன செலவு: ஒரு வேலி, ஒரு வைக்கோல் போர், ஒரு கொட்டில் சுவர், அக்காவின் இரண்டு வருஷம்.